முகம் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு

ஒரு மனிதன் தன் தொழிலில் தோல்வியுற்ற சில நிமிஷங்களுக்குள் அவன் முகத்தெதிரே ஒலிவாங்கியை நீட்டி, அவன் வாயினின்று உதிரும் சொற்களைக்கொண்டே அவனுடைய எதிர்காலத்தை நிர்ணயிப்பது நியாயமாகுமா? மோட்டார்ப் பந்தய உலகில் 2025-ஆம் ஆண்டில் நடந்த விவகாரம் இக்கேள்வியை எழுப்புகிறது. நியாயமாகாதென்பதே நமது திடமான அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை வாசகர்கள்முன் வைக்கிறோம்.

விஷயம் இதுதான். லூயிஸ் ஹாமில்டன் என்னும் ஆங்கிலேயர் பார்முலா ஒன் பந்தயத்தில் ஏழு முறை உலக சாம்பியன் பட்டம் பெற்றவர். 2024-ஆம் ஆண்டு முடிவதற்குள் அவர் 105 பந்தயங்களில் வெற்றி கண்டிருந்தார். அத்தொகையை அதற்குமுன் எவரும் எட்டியதில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் மெர்ஸிடிஸ் கம்பெனிக்கு ஓட்டியபின், 2025-இல், தமது நாற்பதாம் வயதில், இத்தாலியின் பெராரி கம்பெனியில் சேர்ந்தார். மார்ச்சு மாதம் ஷாங்காய் நகரில் நடந்த குறும்பந்தயத்தில் முதலாவதாக வந்தார். மறுநாள் நடந்த பெரும்பந்தயத்திலோ, வண்டியின் அடிப்பலகை விதியளவுக்கு மேல் தேய்ந்துவிட்டதென்று அவர் பெயர் முடிவுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குப்பின் அவருக்கு வாய்த்தது பெரும்பாலும் இறங்குமுகமே.

ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி ஹங்கேரி நாட்டில், மறுநாள் பந்தயத்தில் யார் எவ்விடத்திலிருந்து புறப்படுவதென்பதை முடிவுசெய்யும் தகுதிச் சுற்று நடைபெற்றது. அதே கம்பெனியின் மற்றொரு வீரரான சார்ல்ஸ் லெக்லெர் முதலிடம் பெற்றார். ஹாமில்டனுக்குக் கிடைத்தது பன்னிரண்டாம் இடம். வண்டியைவிட்டு இறங்கியவரிடம் நிருபர்கள் காரணம் கேட்டனர். தாம் ஒன்றுக்கும் உதவாதவரென்றும், மற்றொரு வண்டி முதலிடத்தில் நிற்பதால் கம்பெனியின்மீது குற்றமில்லையென்றும், ஓட்டுநரை மாற்றுவதே வழிபோலும் என்றும் அவர் கூறினார்.

அச்சொற்கள் அன்றே உலகெங்கும் பரவின. அவர் ஓய்வு பெறப்போகிறாரா, 2026-இல் அவ்வாசனத்தில் அமரப்போகிறவர் யார் என்று ஆரூடங்கள் கிளம்பின. கவிழ்ந்த தலையும் தாழ்ந்த குரலும் சாட்சிக்கூண்டில் ஏற்றப்பட்டன. நடந்ததென்ன? ஆகஸ்டு விடுமுறை கழிந்ததும் அவர் ஹாலந்தில் மீண்டும் வண்டியேறினார். டிசம்பர் மாதத்துக் கடைசிப் பந்தயம் வரையில் ஓட்டிப் பருவத்தை முடித்தார். ஆரூடம் சொன்னவர்கள் அடுத்த ஆரூடத்துக்குச் சென்றுவிட்டார்கள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் நாட்டுப் பழமொழி. தன் குறையைப் பிறர்மேல் ஏற்றுகிறவர்களை இடித்துரைக்கப் பிறந்தது அது. ஹங்கேரியில் நடந்தது அதற்கு நேர்விரோதம். கூடம் நேராகவே இருக்கிறது, எனக்குத்தான் ஆட வரவில்லை என்று ஒருவர் வாய்திறந்து ஒப்புக்கொண்டார். பழியைத் தாமே ஏற்பது பெருந்தன்மை என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். ஏழு பட்டம் பெற்ற ஒருவர் அதைச் செய்தபோதோ, மனம் உடைந்துவிட்டது, ஆள் தீர்ந்துவிட்டார் என்று எழுதப்பட்டது.

சரி, பழியை வண்டியின்மேல் போட்டிருந்தால் தப்பியிருப்பாரா? அதற்கும் சரித்திரம் விடை சொல்கிறது. 1991-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஜப்பானில், அப்போது மூன்று முறை சாம்பியனாயிருந்த பிரெஞ்சு வீரர் அலென் ப்ரோஸ்ட், தாம் ஓட்டிய பெராரி வண்டியை லாரிக்கு ஒப்பிட்டுப் பேசினார். பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு முன்னமே அவரைக் கம்பெனி விலக்கிவிட்டது. கூடம் கோணல் என்றவருக்கு வேலை போயிற்று. கூடம் நேர் என்றவருக்கு மானம் போயிற்று. விலக்கப்பட்ட ப்ரோஸ்ட் 1993-இல் வில்லியம்ஸ் வண்டியில் நான்காம் பட்டம் பெற்றார் என்பதையும் வாசகர்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

பேசாமலிருந்தால் தப்பலாமோவெனில், அதுவுமில்லை. பின்லாந்து தேசத்தவரான கிமி ரைக்கோனென் சொற்சிக்கனத்துக்குப் பேர்போனவர். 2007-இல் பெராரிக்கு வந்த முதல் ஆண்டிலேயே 110 புள்ளிகள் பெற்று, தலைக்கு 109 பெற்ற ஹாமில்டனையும் பெர்னாண்டோ அலான்ஸோவையும் ஒரே புள்ளியில் வென்று பட்டம் சூடினார். அப்போது அவரது மௌனம் பனிக்கட்டியை ஒத்த நிதானம் என்று புகழப்பட்டது. வெற்றிகள் அருகியதும் அதே மௌனத்துக்கு அசிரத்தை என்று பெயர் சூட்டினார்கள். 2010 வரையில் ஒப்பந்தம் இருந்தும் 2009 முடிவிலேயே கம்பெனி அவரை அனுப்பிவிட்டு அலான்ஸோவை அமர்த்திக்கொண்டது. மனிதன் மாறவில்லை, முகம் மாறவில்லை. வெற்றிப் பட்டியல் மாறியதும் முகத்துக்குச் சொல்லும் பொருள் மாறிவிட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்னும் நீதி இதுவேயன்றோ?

இவையனைத்தினும் கொடியது நிக்கி லௌடாவுக்கு நேர்ந்தது. 1976-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் தேதி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில் அந்த ஆஸ்திரியரின் பெராரி வண்டி தீப்பற்றியது. முகம் வெந்தது, நச்சுப்புகை நுரையீரலைத் தாக்கிற்று, மரணத் தறுவாயிலிருப்பவருக்குச் செய்யும் சமயச் சடங்கைப் பாதிரியார் செய்தார். ஆறு வாரத்தில் அவர் ஆறாத புண்களுடன் இத்தாலியின் மோன்ஸா களத்தில் மீண்டும் ஓட்டி நான்காவதாக வந்தார். அக்டோபரில் ஜப்பானின் பூஜி களத்தில் பெருமழை. சாம்பியன் பட்டம் கைக்கெட்டும் தூரத்திலிருந்தும், இம்மழையில் ஓட்டுவது உயிருக்கு உலைவைப்பதாகும் என்று கருதி இரண்டு சுற்றுக்களில் விலகிக்கொண்டார். பட்டம் ஒரே புள்ளியில் ஜேம்ஸ் ஹண்டுக்குப் போயிற்று. வெந்த முகத்தோடு திரும்பி வந்த ஒருவரை இத்தாலியப் பத்திரிகைகள் அப்போது கோழையென்று தூற்றின. லௌடா மறு ஆண்டே பெராரிக்குப் பட்டத்தை வென்று கொடுத்தார். கொடுத்துவிட்டு, பருவம் முடியுமுன்பே அக்கம்பெனியைத் துறந்தார். 1984-இல் மக்லாரன் வண்டியில் மூன்றாம் பட்டமும் பெற்றார். அவரைப்பற்றிச் சொல்லப்பட்ட ஆரூடங்களில் எது பலித்தது?

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழலாம். கோடிக்கணக்கில் ஊதியம் பெறும் வீரர்களைப்பற்றிப் பத்திரிகைகள் வாய்மூடியிருக்கவேண்டுமா? கண்டனம் செய்யும் உரிமையை விட்டுக்கொடுப்பதா? ஒருகாலும் கூடாதென்றே நாமும் சொல்லுவோம். கண்டனஞ் செய்யும் உரிமை பத்திரிகைக்கு உயிர்நாடி. ஆனால் கண்டனத்துக்கு அளவுகோல் வேண்டும். மோட்டார்ப் பந்தயத்திலோ அவ்வளவுகோல் தாராளமாகவே கிடைக்கிறது. ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கிக் கணக்கிடும் விளையாட்டு அது. அக்கணக்குப்படி பார்த்தால், 2025-ஆம் ஆண்டு ஹாமில்டனுக்குத் தாழ்ந்த ஆண்டு என்பதில் ஐயமில்லை. லெக்லெர் 242 புள்ளிகள் பெற, அவர் 156 புள்ளிகளே பெற்றார். பெரும்பந்தயம் ஒன்றிலேனும் முதல் மூன்று இடங்களுக்குள் வராமல் அவர் கழித்த முதல் பருவம் அது. கடைசியாக நடந்த லாஸ் வேகாஸ், கத்தார், அபுதாபி ஆகிய மூன்று பெரும்பந்தயங்களின் தகுதிச் சுற்றுக்களிலும் முதற்கட்டத்தைக்கூட அவர் தாண்டவில்லை. இவற்றை எடுத்துக்காட்டி, நாற்பது வயதில் புதிய வண்டிக்குப் பழகுவது எளிதன்று என்று ஒருவர் வாதிக்கட்டும். 1957-இல் 46-ஆம் வயதில் ஹுவான் மானுவேல் பாஞ்சியோ உலக சாம்பியனானாரே என்று மற்றொருவர் மறுக்கட்டும். அது நேர்மையான விவாதம். அதில் ஹாமில்டன் தோற்றாலும் அவருக்கு அநீதி நேர்ந்ததென்று நாம் சொல்லோம்.

நாம் கண்டிப்பது, கணக்கை விட்டுவிட்டுக் கண்ணிமையை ஆராயும் வழக்கத்தை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது மெய்யே. ஆயினும், உயிரைப் பணயம் வைத்து ஓட்டியவன் தலைக்கவசத்தைக் கழற்றும் வேளையில் முகத்தில் தெரிவது அன்றைய களைப்பேயன்றி, அவனுடைய அடுத்த ஆண்டு அன்று. ஹாமில்டன் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் கறுப்பினத்தவர். 2008-ஆம் ஆண்டு ஸ்பெயினில் பார்வையாளர் சிலர் அவரது நிறத்தைக் காட்டி இழிவு செய்தனர். அதைச் சகித்துக்கொண்டு அவ்வாண்டிலேயே முதற் பட்டம் பெற்ற மனிதருக்கு, ஒரு சனிக்கிழமை மாலையில் துக்கப்படவும் உரிமையில்லையா?

முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் விளையும் மற்றொரு தீமையும் உண்டு. கேட்கவேண்டிய கேள்விகள் கேட்கப்படாமற் போகின்றன. பெராரி கம்பெனிக்கு ஓட்டுநர் பட்டம் 2007-இலும், வண்டி செய்வோர்க்குரிய பட்டம் 2008-இலுமே கடைசியாகக் கிடைத்தன. 2025-இல் ஒரு பெரும்பந்தயத்திலும் அது வெல்லவில்லை, லெக்லெரும் வெல்லவில்லை. 2014 முதல் 2023 வரை அதன் பந்தயப் பிரிவுக்குத் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக மாறிக்கொண்டேயிருந்தார்கள். குறை எங்கேயிருக்கிறதென்று தேடுவோர் தொழிற்சாலைக்குள் புகுந்து பார்க்கவேண்டாமா? அதற்குப் பதிலாக, 2025 ஜூன் மாதத்தில் தலைவர் பிரெடரிக் வாஸர் விலக்கப்படுவார் என்று இத்தாலியப் பத்திரிகைகளில் வதந்தி ஓடிற்று. ஜூலை முடிவில் கம்பெனி அவரது ஒப்பந்தத்தை நீட்டித்தது. வண்டியின் நோயைத் தேடுவது கடினம். மனிதனின் தலையை உருட்டுவது சுலபம்.

கம்பெனியின் அதிபர்களும் இக்குற்றத்திற்குப் புறம்பானவரல்லர். நவம்பர் மாதம் பிரேஸில் பந்தயத்தில் இரு பெராரி வண்டிகளும் பாதியில் நின்றபின், கம்பெனித் தலைவர் ஜான் எல்கன், தொழிலாளரையும் பொறியாளரையும் பாராட்டிவிட்டு, ஓட்டுநர்கள் ஓட்டுவதில் கருத்தைச் செலுத்திப் பேச்சைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்று பகிரங்கமாக உபதேசித்தார். பேச்சைக் குறைப்பதெப்படி? பந்தய விதிகளின்படியே வீரர்கள் நிருபர்முன் நின்று பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அப்படிப் பேசும்போது சொல் தவறினால் சர்வதேச மோட்டார் சம்மேளனம் தண்டிக்கும். 2024-இல் சிங்கப்பூரில் மாக்ஸ் வெர்ஸ்டாப்பென் தம் வண்டியை ஒரு வசைச் சொல்லால் வர்ணித்ததற்காகப் பொதுச்சேவை செய்யும்படி உத்தரவாயிற்று. மறு சந்திப்பில் அவர் ஒன்றிரண்டு வார்த்தைகளில் பதிலை முடித்துக்கொண்டார். 2025 ஜனவரியில் சம்மேளனம் இத்தகைய குற்றங்களுக்குப் பெருந்தொகைகளில் அபராதம் வகுத்தது. எதிர்ப்புக் கிளம்பவே மே மாதத்தில் தானே அதைக் குறைத்துக்கொண்டது. பேசு என்று கட்டளையிடுகிறவன் ஒருவன். பேசாதே என்று அதட்டுகிறவன் ஒருவன். பேசியதை வைத்துத் தீர்ப்பெழுதுகிறவன் மூன்றாமவன். நடுவில் நிற்பவன் என்ன செய்வான்?

செய்யத்தக்கது ஒன்றே என்று அவன் கற்றுக்கொள்வான். கம்பெனியார் எழுதிக்கொடுத்த நான்கு வாக்கியங்களை மனப்பாடஞ் செய்து, தோற்றாலும் வென்றாலும் ஒரே முகத்துடன் ஒப்பிப்பான். இழப்பு அப்போது யாருக்கு? மெய்யான சொல்லைக் கேட்கும் பாக்கியத்தை இழப்பவர்கள் வாசகர்களே. பந்தயக் களத்துக்கு மட்டும் உரிய ஆபத்தன்று இது. சட்டசபையிலும் தொழிற்சங்கத்திலும் பொதுமேடையிலும், என் பிழை என்று ஒப்புக்கொள்கிறவனை நாம் எள்ளி நகையாடினால், அடுத்தவன் பிழையை மறைக்கக் கற்றுக்கொள்வான். பொதுவாழ்வில் ஈடுபட்டுள்ள நம் வாசகர்கள் இதைச் சொல்லாமலே அறிவார்கள்.

ஆகவே பத்திரிகைத் தொழிலில் உள்ள நம் சகோதரர்களுக்கு நாம் சொல்வது இது. ஓட்டத்தை அளவிடுங்கள், வண்டியை ஆராயுங்கள், கம்பெனிக் கணக்கைக் கேளுங்கள், ஓட்டுநரின் குறையைத் தயவு தாட்சண்யமின்றி எழுதுங்கள். தோற்றவன் சொன்ன சொல்லை, அவன் அதைச் சொன்ன வேளையோடு சேர்த்தே பிரசுரியுங்கள். அவனுடைய எதிர்காலத்தை அவனும், அவனுடைய ஒப்பந்தமும், கடிகாரமும் நிர்ணயிக்கட்டும். லௌடாவையும் ப்ரோஸ்டையும்பற்றி எழுதப்பட்ட தீர்ப்புக்களைக் காலம் தள்ளுபடி செய்துவிட்டது. அவர்கள் பெற்ற பட்டங்களே நிலைத்து நிற்கின்றன.