அழகும் அமர்வும்

நாற்காலியின் அழகு காண்போர் கண்ணுக்கு மட்டுமன்று. அமர்வோர் முதுகுக்கும் உரியது என்பது நம் கருத்து. 1918இல் டச்சுக் கலைஞர் கெரிட் ரீட்வெல்ட் வடிவமைத்த நாற்காலி, பின்னர்ச் சிவப்பும் நீலமும் பூண்டு உலகப் புகழ் பெற்றது. ஆயினும் அதன் இருக்கையும் சாய்மானமும் மெத்தையற்ற வெறும் பலகைகளே. 1950களில் சண்டிகருக்காகப் பியேர் ஜன்னரே உருவாக்கிய தேக்கு நாற்காலிகளோ வேறு வகை. கவைபோல் விரிந்த கால்கள் புதுமை தந்தன. பிரம்புப் பின்னல் காற்றை ஊடுருவ விட்டு வெப்பம் தணித்தது. புதுமையும் சுகமும் அங்கே கைகோத்தன.

நம் கல்லூரிகள் பலவற்றில் நிலை என்ன? விழா மேடைக்கு அணிசெய் நாற்காலிகள். நாள்தோறும் ஐந்து மணி நேரம் அமரும் மாணவர்க்கோ சாய்மானமற்ற விசுப்பலகை. விருந்தினரை உபசரித்தல் நம் பண்பு. பயில்வோரைப் பேணுதலோ நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அடுத்த முறை இருக்கை வாங்குமுன், பெரியோர் ஒருநாள் அவ்விசுப்பலகையில் அமர்ந்து பார்ப்பார்களாக!