நெடுக்கே ஒரு சாலை, குறுக்கே ஒரு வாழ்க்கை

‘காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை’ என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. மேடையில் பேசுகிற அரசியல்வாதியை விட்டுவிடலாம், அது அவர் பிழைப்பு. ஆனால் நம்ம ஆளுங்க, புத்தகம் படிக்கிற, கவிதை எழுதுகிற, ஹெல்மெட்டில் கேமராவை மாட்டிக்கொண்டு புல்லட்டில் கிளம்புகிற நண்பர்களும் அதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். தேசிய நெடுஞ்சாலை 44 இந்தியாவை இணைக்கிறதாம். சரி, யாரை யாரோடு?

சாலை நீளமானதுதான், மறுக்கவில்லை. ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். ஸ்ரீநகரில் தொடங்கி, பீர் பஞ்சால் மலையைக் குடைந்து இறங்கி, பஞ்சாப், ஹரியாணா சமவெளியைக் கடந்து, டெல்லி, ஆக்ரா, ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு என்று வந்து, ஓசூரில் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. பல பழைய நெடுஞ்சாலைகளின் துண்டுகளை ஒட்டி 2010இல் கொடுத்த எண் இது. வாரணாசியிலிருந்து வந்த பழைய என்.எச். 7இன் தென்பகுதியும் அதில் அடக்கம்.

வரைபடத்தில் அது நெடுக்கே போகிற கோடு. ஓரத்தில் குடியிருப்பவர்களுக்கோ தினமும் குறுக்கே தாண்டவேண்டிய ஒன்று. தருமபுரி மாவட்டத்தில் எங்கள் ஊரில் வீடுகள் சாலைக்கு மேற்கே, காடுகழனி கிழக்கே. நான்கு வழியாக்கி நடுவில் தடுப்பு வைத்ததும், எதிரே தெரிகிற சொந்த நிலத்துக்கு இரண்டு கிலோமீட்டர் சுற்றவேண்டும் என்றானது. ஒரு சுரங்கப்பாதை உண்டு. மழை பெய்தால் முழங்கால் தண்ணி. தலையில் புல்லுக்கட்டோடு யார் சுத்துவாங்க? தடுப்பைத்தான் தாண்டுவார்கள். காருக்குள் இருப்பவர் ‘சனங்களுக்கு அறிவே இல்லப்பா’ என்பார்.

அந்த அறிவில்லாத சனங்களின் கணக்கைப் பாருங்கள். மத்திய அரசின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825. மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகள் சுமார் 2 சதவீதம்தான். சாவில் அவற்றின் பங்கு 36 சதவீதம். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புத்தி கெட்டுப்போனதா, இல்லை அவர்கள் நடப்பார்கள் என்பதையே யாரும் யோசிக்கவில்லையா?

யோசிக்க முடியாதது ஒன்றும் இல்லை. இதே 44, மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர எல்லையில் பெஞ்ச் புலிகள் காட்டை வெட்டிக்கொண்டு போகிறது. சூழலியலாளர்கள் நீதிமன்றப் படியேறி விடாமல் போராடியதில், மகாராஷ்டிரப் பகுதியில் விலங்குகள் கடக்க ஒன்பது இடங்களில் சாலையைத் தூக்கிக் கட்டினார்கள். அதில் ஒன்று 750 மீட்டர் நீளம். கேமரா வைத்துப் பார்த்தபோது புலி உட்பட 18 வகை விலங்குகள் அவற்றைப் பயன்படுத்துவது தெரிந்தது. எனக்குப் புலி மேல் ஒரு கோபமும் இல்லை. சந்தோஷம்தான். ஆனால் விலங்கு எங்கே நடக்கிறது என்று தடம் பார்த்துப் பாலம் கட்டத் தெரிந்த நாட்டுக்கு, புல்லுக்கட்டு தூக்கும் கிழவி எங்கே நடக்கிறாள் என்று பார்க்கத் தெரியாதா?

‘சாலை வந்ததால்தானே நாமக்கல் முட்டையும் காஷ்மீர் ஆப்பிளும் ஊர் ஊராப் போகுது’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சாலையே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த ஆப்பிளையே கேட்டுப் பாருங்கள். 2022 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான ஆப்பிள் லாரிகள் நாள்கணக்கில் காஸிகுண்ட் பக்கம் முடங்கிக் கிடந்தன. 2019இல் இதே சாலையில் நடந்த புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு, ராணுவ வாகனங்கள் போவதற்காக ஞாயிறும் புதனும் பாரமுல்லாவிலிருந்து உதம்பூர் வரை பொதுமக்களின் வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் அந்தச் சாலை அவர்களுடையது இல்லை. 2020இல் பஞ்சாப் விவசாயிகள் டிராக்டரில் டெல்லிக்கு வந்ததும் 44 வழியாகத்தான். வழியில் சாலையையே வெட்டிப் பள்ளம் பறித்தார்கள். சிங்குவில் கண்ணீர்ப் புகையும் தண்ணீர் பீரங்கியும் காத்திருந்தன. அதே வருஷம் ஊரடங்கில் நாக்பூர் பக்கமிருந்து தமிழ்நாட்டை நோக்கி நடந்த இளைஞர்களில் ஒருவர் வீடு வந்து சேரவே இல்லை. இணைப்புச் சாலை என்கிறோம். யார் வரலாம், எப்போது வரலாம் என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

மலையில் நடப்பது இன்னொரு வகை. 2017இல் திறந்த செனானி–நாஷ்ரி சுரங்கம் 9 கிலோமீட்டர், ஜம்மு–ஸ்ரீநகர் தூரத்தில் சுமார் 30 கிலோமீட்டரை மிச்சப்படுத்தியது. பனியில் மாட்டித் தவித்தவர்களுக்கு அது வரம். ஆனால் பழைய பாதையில், பத்தீசா இனிப்புக்குப் பேர்போன குத் என்ற சின்ன ஊரின் கடைகளுக்கு வண்டி நிற்பது குறைந்துபோனது. 2022 மே மாதம் ராம்பன் அருகே கட்டுமானத்தில் இருந்த சுரங்கம் சரிந்து 10 தொழிலாளிகள் செத்தார்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் கூலிக்கு வந்தவர்களும் அதில் உண்டு. திறப்பு விழாக்களில் மிச்சமான மணிநேரத்தைத்தான் சொல்வார்கள். இந்தச் செலவெல்லாம் யார் கணக்கில் எழுதப்படுகிறது?

என் சண்டை அந்தக் கணக்கோடுதான். எத்தனை மணிநேரத்தில் போகலாம் என்பதோடு, ஊர்க்காரர் எத்தனை நிமிஷத்தில் உயிரோடு தாண்டலாம் என்பதையும் சாலைத் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். வேலி போடுவதற்கு முன் சனம் எங்கே நடக்கிறது என்று ஒரு வாரம் நின்று பாருங்கள். கட்டிய சுரங்கப்பாதையில் தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். ஒன்றும் புரட்சி இல்லை, பெஞ்சில் புலிக்குச் செய்து காட்டியதுதான்.

அடுத்த தடவை புல்லட்டில் கிளம்புகிற நண்பர்களே, எண்பதில் பறப்பதைத்தானே எடுத்துப் போடுகிறீர்கள்? தொப்பூர் கணவாயில் இறங்குவதற்கு முன் ஏதாவது ஓர் ஊரில் வண்டியை ஓரங்கட்டுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு, கேமராவை அணைக்காமல், சாலையைக் குறுக்கே தாண்டிப் பாருங்கள். அந்த வீடியோவைப் போடுங்கள். நான் பார்க்கிறேன்.