கண்ணை விட்டுவிட்டுத் தோலை உரிக்கலாமா?

சாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோவில் கண் நோய்க்குப் பேர்போனது என்று சொல்லுகின்றார்கள். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில், ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஏராளமான ஜனங்கள் கூடி, கண் சுகப்பட வேண்டுமென்று கண்மலர் வாங்கிச் செலுத்துகின்றார்கள். செலுத்தட்டும், அது அவர்கள் காசு. ஆனால் அந்தப் பக்கத்துத் தாய்மார்கள் மூன்று வயதுக் குழந்தையைப் பால்வாடியில் விட்டுப் போகும்போது சொல்லிவிட்டுப் போகும் வார்த்தை என்ன? "சேட்டை பண்ணினா கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்கக்கா" என்பதுதானே? அந்த அக்காள் குழந்தைக்குச் சொல்லும் வார்த்தை, "அழுதா சாமி கண்ணைக் குத்தும்" என்பது. கண்ணைக் கொடுக்கும் சாமி என்று காணிக்கை வாங்குகிறார்கள். கண்ணைக் குத்தும் சாமி என்று குழந்தையைப் பயமுறுத்துகிறார்கள். இரண்டில் எது நிஜமென்று பக்தர்களே கூடிப் பேசி முடிவு செய்து கொள்ளட்டும். நம்முடைய வழக்கு இங்கே சாமியைப் பற்றியதல்ல, குழந்தையைப் பற்றியது.

விடியற்காலையில் தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆபீசுக்கும் போகும் பெண்கள் பிள்ளையை எங்கே விடுவார்கள்? இதற்காகவேதான் 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் அதிகமாக வேலை செய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டுமென்று விதித்தது. 1975 அக்டோபர் 2-ல் அங்கன்வாடித் திட்டம் வந்தது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 50,000-க்கு மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. சோறும் முட்டையும் கொடுக்கின்றார்கள், எடை பார்க்கின்றார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் சோறு போட்ட கையில் குச்சி எதற்கு?

தொடையில் நிமிட்டாம்பழம், வெயிலில் முட்டி போடல், இருட்டறையில் பூட்டல், வாயில் மிளகாய், மூத்திரம் பெய்தால் சூடு! மூன்று வயதுக் குழந்தைக்கு மூத்திரத்தை அடக்கும் பக்குவம் முழுதாக வந்திருக்காது என்பது எந்த டாக்டரைக் கேட்டாலும் தெரியும். பல் முளைக்காத குழந்தையை முறுக்குக் கடிக்கவில்லை என்று அடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தோப்புக்கரணம் இன்னும் வேடிக்கை. பிள்ளையார் முன்பு போட்டால் பக்தி, வாத்தியார் முன்பு போட்டால் தண்டனை!

"அடியாத மாடு படியாது" என்று பழமொழி சொல்லுவார்கள். மாட்டைப் படிய வைப்பது எதற்கு? ஏரில் பூட்டுவதற்கு. நம் பிள்ளைகளை எவன் ஏரில் பூட்டுவதற்காக நாம் இப்போதே படிய வைக்கின்றோம்? ஏன், எதற்கு என்று கேட்கும் குழந்தையைச் "சேட்டைக்காரன்" என்றும், வாயைப் பொத்தி மூலையில் உட்கார்ந்திருப்பதை "நல்ல பிள்ளை" என்றும் பட்டம் கொடுத்துவிட்டு, பெரியவனான பிறகு இவனுக்கு மானமில்லையே என்று அழுது என்ன பிரயோஜனம்?

சாத்தூரில் ஒரு தோழர், "நான் அடி வாங்கித்தான் வளர்ந்தேன், கெட்டா போனேன்?" என்று நம்மிடம் வாதாடினார். பெரியம்மை கண்டு பிழைத்தவர்களும் அனேகம் பேர் இருந்தார்கள். அதற்காக அம்மை நல்லது என்று யாராவது சொன்னார்களா? ஊசி போட்டு அதை ஒழித்தோம். 1977-ல் இந்நாட்டில் அது ஒழிந்ததென்று சான்றும் கிடைத்தது.

இனிச் சட்டத்தைப் பாருங்கள். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, குழந்தையை அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 6 முதல் 14 வயது வரைதான்! திருப்பி ஓடத் தெரிந்த ஏழு வயதுப் பையனுக்கு உள்ள காப்பு, சொல்லவே வாய் வராத மூன்று வயதுக்கு இல்லை. தேசியக் குழந்தைகள் உரிமைக் கமிஷன் 2012-ல் போட்ட நெறிமுறையில், பூட்டி வைப்பது, முட்டி போட வைப்பது, காரத்தை வாயில் திணிப்பது, மிரட்டுவது, சாதியையும் தகப்பன் தொழிலையும் சொல்லி ஏசுவது எல்லாம் தண்டனைக் கணக்கில் வைக்கப்பட்டிருக்கிறது. சாமி கண்ணைக் குத்தும் என்பது மிரட்டலா இல்லையா? ஆனால் அதுவும் பள்ளிக்கூடத்திற்கென்று எழுதினது.

சின்னக் குழந்தைக்கு நேராக உதவுவது 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவு. குழந்தையைப் பராமரிக்கும் ஸ்தாபனத்தில் வேலை பார்ப்பவர் கொடுமை செய்தால் 5 வருஷம் வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதிலும் "அநாவசியமான" துன்பம் என்று ஒரு வார்த்தை! மூன்று வயதுக் குழந்தைக்கு அவசியமான துன்பம் என்பது எது என்று கேட்கின்றோம். இது போதாதென்று, 1860-ம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தில் இருந்த 89-வது பிரிவு, 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் 27-வது பிரிவாக வந்து உட்கார்ந்துகொண்டது. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதன் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, பெற்றவர் சம்மதத்தோடு செய்தது குற்றமல்ல என்று அது சொல்லுகிறது. அதாவது, "தோலை உரிச்சிருங்கக்கா" என்று வாசற்படியில் சொல்லும் அந்த ஒரு வார்த்தை வெறும் வார்த்தையல்ல, அடித்தவர் கோர்ட்டில் எடுத்துக் காட்டக்கூடிய சீட்டு!

ஸ்வீடன் தேசத்தில் பெற்ற தகப்பனே அடிக்கக் கூடாதென்று 1979-லேயே சட்டம் செய்துவிட்டார்கள். அங்கே பிள்ளைகள் ஒன்றும் ஊரைக் கொளுத்திவிடவில்லை.

பால்வாடி அக்காள்மாரின் மேல் நமக்குத் துவேஷமில்லை. "சிறப்புக் காலமுறை ஊதியம்" என்று பெயர் பெரிதாகவும் பணம் சிறிதாகவும் உள்ள சம்பளத்தில், இருபது முப்பது குழந்தைகளைக் கட்டி மேய்த்து, பதிவேடும் எழுதி, செல்போனிலும் கணக்கு ஏற்ற வேண்டுமென்றால் யாருக்குத்தான் கை நீளாது? உதவிக்கு இன்னொரு ஆள் கொடுங்கள், குழந்தையை அடிக்காமல் அடக்கும் வகையைப் பழக்கிக் கொடுங்கள் என்று சர்க்காரை நாம் கேட்க வேண்டியதுதான். ஆனால் ஆள் குறைவுக்கு அபராதம் மூன்று வயதின் தொடையில் வசூலிப்பது யோக்கியமாகாது.

தோழர்களே! சட்டம் திருந்தும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. "என் பிள்ளையை அடிக்கவோ, பூட்டவோ, சாமி பேய் போலீஸ் என்று பயமுறுத்தவோ நான் சம்மதிக்கவில்லை" என்று ஒரு காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, வருகிற திங்கட்கிழமை மையத்தில் கொடுங்கள். ஒருவர் கொடுத்தால் முறைப்பார்கள், தெருவே கொடுத்தால் வாங்கி வைப்பார்கள். கூடவே, குழந்தைகளுக்கான உதவி டெலிபோன் எண் 1098-ஐப் பெரிய எழுத்தில் வாசற்சுவரில் எழுதச் சொல்லுங்கள்.