டாய்லெட்டை சிமெண்ட்ல புதைக்காதீங்க மக்களே!

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்பாவுக்கு முழங்கால் மடக்க முடியாம போச்சு. இந்தியன் டாய்லெட்டை எடுத்துட்டு வெஸ்டர்ன் வெச்சோம். கொத்தனார் புது டைல்ஸ் ஒட்டினார், குழாய் மேல க்ளோசெட்டை வெச்சார், அடியில கலவையைக் கொட்டி சுத்தி வெள்ளை சிமெண்ட் பூசினார். "ஸ்குரூ போட வேண்டாமாண்ணே?"ன்னு கேட்டேன். "அது ஆடும் தம்பி, இது எத்தனை வருஷமானாலும் அசையாது"ன்னார்.

அசையலை. அதான் பிரச்சனையே.

போன மாசம் கீழ் வீட்டுக்காரர் வந்து, அவங்க பாத்ரூம் சீலிங்ல மஞ்சக் கறை பரவுதுன்னார். எங்க தரையில ஒரு சொட்டு கூட இல்லை! க்ளோசெட்டும் குழாயும் சேர்ற இடத்துல கசிவு. வெளிய வர வழி இல்லாததால டைல்ஸுக்கு அடியிலயே இறங்கியிருக்கு. க்ளோசெட்டைக் கழட்ட முடியாம சுத்தியலால உடைச்சுத்தான் எடுத்தோம். கூடவே நாலு டைல்ஸும் போச்சு, அதே டிசைன் எங்கயும் கிடைக்கலை. அந்த மூணு நாளும் அப்பா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்து வீட்டுக்குப் போய் வந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லலை. எனக்குத்தான் மனசு கேக்கலை.

க்ளோசெட்டோட அடிப்பகுதியில ரெண்டு பக்கமும் ஓட்டை விட்டிருக்கறது அழகுக்கு இல்லை. ஸ்குரூ போடத்தான். டைல்ஸை முழுசா ஒட்டி முடிச்சுட்டு, அது மேல க்ளோசெட்டை உட்கார வைக்கணும். நாளைக்கு வேற அளவுல மாத்தினாலும் தரை தரையாவே இருக்கும்.

"டைல்ஸ்ல ஓட்டை போட்டா உடையாதா, தண்ணி இறங்காதா?"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். மாஸ்கிங் டேப் ஒட்டி, ஹேமரை ஆஃப் பண்ணிட்டு, டைல்ஸ் பிட்டால மெதுவா போட்டா உடையாது. ஓட்டைக்குள்ள சிலிகான் வெச்சுட்டு பிளக்கை இறக்கினா தண்ணியும் இறங்காது. தரை சரிவா இருக்கறதால க்ளோசெட் ஆடினா, பிளாஸ்டிக் ஆப்பு வெச்சு சமப்படுத்திட்டு, ஸ்குரூவை மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். பலம் காட்டினா பீங்கான் விரிஞ்சிடும். ஆடுற க்ளோசெட்ல வயசானவங்க உட்கார்றது ஆபத்துங்கறதால இதுல சமரசமே கூடாது.

குழாய் இணைப்புக்கு சிமெண்ட் வேண்டாம், ரப்பர் வளையம் வெச்ச கனெக்டர் போதும். கடைசியா முன்னாடியும் பக்கங்கள்லயும் சிலிகான் அடிச்சுட்டு, பின்னாடி கொஞ்சம் இடைவெளி விடுங்க. கசிஞ்சா தண்ணி அந்த வழியா வந்து நமக்குத் தெரியும். கீழ் வீட்டுக்காரர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

இன்னொண்ணு, வாங்கறதுக்கு முன்னாடி குழாய் நடுவுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை டைல்ஸ் ஒட்டின சுவர்ல இருந்து அளங்க. செங்கல் சுவர்ல இருந்து அளந்தா டைல்ஸும் கலவையும் ஒரு இஞ்ச் வரைக்கும் முழுங்கிடும். 9 இஞ்ச் க்ளோசெட்டை வாங்கிட்டு வந்து 8 இஞ்ச்ல நின்னு முழிக்க வேண்டியதுதான்.

கொத்தனாரைத் திட்ட எனக்கு வாய் வரலை. கழட்டுற வேலைக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை, அதனால அந்தக் கஷ்டம் அவருக்குத் தெரியலை. 'ஸ்ட்ராங்கா வேணும்'னு கேட்டதும் நாமதானே? கோட்ல எதையாவது ஹார்ட்கோட் பண்ணினா ஆபீஸ்ல என்னைக் காய்ச்சி எடுப்பாங்க. வீட்டுல அதையே காசு குடுத்து பண்ண வெச்சிருக்கேன் :-)

இப்போ வெச்சிருக்கற புது க்ளோசெட்டை ஒரு ஸ்பானர் இருந்தா கழட்டிடலாம். அப்பா உட்கார்ந்தா அசையறதும் இல்லை. உங்க வீட்டுல வேலை நடந்தா அந்த ரெண்டு ஓட்டையையும் கொத்தனாருக்குக் காட்டுங்க. முறைப்பார். பரவாயில்லை, சிரிச்சுக்கிட்டே நில்லுங்க.