இயாகோ சொல்லும் காரணங்கள்

ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’வைப் படித்து முடித்ததும் மனதில் முதலில் எழும் கேள்வி, இயாகோ ஏன் இப்படிச் செய்தான் என்பதுதான். தன்னை முழுக்க நம்பிய தளபதி ஒத்தெல்லோவின் நெஞ்சில் சந்தேகத்தை ஏற்றி, அவன் கையாலேயே அவன் மனைவி டெஸ்டிமோனாவைக் கொல்ல வைக்கிறான். தேர்வுக்கான உரைநூல்களில் விடை தயாராக இருக்கும்: பதவி கிடைக்காத ஆத்திரம், மனைவிமேல் சந்தேகம், தன்னைத் தாண்டித் துணைத்தளபதி ஆன காசியோமேல் பொறாமை. மூன்றும் நாடகத்தில் இருப்பவைதான். ஆனால் மூன்றையும் கூட்டிப் பார்த்தாலும், மேடையில் விழும் நான்கு உயிர்களுக்குக் கணக்கு நேராகவில்லை.

தமிழ் ரசிகர்கள் பலருக்கு ஒத்தெல்லோ என்றதும் 1963இல் வந்த ‘இரத்தத் திலகம்’ படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் நடித்த காட்சி நினைவுக்கு வரும். அங்கே நம் கண் கணவன் மனைவிமேல்தான் நிற்கிறது. மூல நாடகத்திலோ ஒத்தெல்லோவைவிட அதிகம் பேசுபவன் இயாகோ. அவ்வளவு பேசியும் அவனைப் பிடிக்க முடியவில்லை என்பதால்தான் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கதை ஷேக்ஸ்பியருக்கு முன்பே இருந்தது. சின்தியோ என்ற இத்தாலியர் 1565இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில் அது வருகிறது. அதில் குழப்பமே இல்லை. அங்கே இயாகோவின் இடத்தில் இருப்பவன், படையில் கொடி தாங்குபவன், டெஸ்டிமோனாமேல் ஆசைப்படுகிறான். அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆசை வெறுப்பாகத் திரிகிறது. யாருக்கும் புரியும் காரணம். கதையின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்ட ஷேக்ஸ்பியர் இந்தக் காரணத்தை மட்டும் கைவிட்டார். இரண்டாம் அங்கத்துத் தனிமொழி ஒன்றில் தானும் அவளை விரும்புவதாக இயாகோ சொல்கிறான். சொன்ன வேகத்திலேயே, அது வெறும் காமம் அல்ல, பழிவாங்கும் ஆசையும் சேர்ந்தது என்கிறான். அதன் பிறகு அந்தப் பேச்சே இல்லை. தெளிவாக இருந்ததை நாடகாசிரியர் தெரிந்தே கலைத்திருக்கிறார் என்றுதான் நான் எண்ணுகிறேன்.

மேடைப் பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. யாரிடம் சொல்கிறான், எந்த நேரத்தில் சொல்கிறான், சொன்ன பிறகு என்ன செய்கிறான் என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் காட்சியில் பதவிக் குறையை இயாகோ கொட்டுவது ரோடரிகோவிடம். ஊர்ப் பெரியவர்கள் மூவர் தனக்காகப் பரிந்து பேசியும், களம் காணாத காசியோவை ஒத்தெல்லோ துணைத்தளபதி ஆக்கிவிட்டான் என்று குமுறுகிறான். குமுறல் உண்மையாக இருக்கலாம். ஆனால் எதிரே நிற்பவன், டெஸ்டிமோனா கிடைப்பாள் என்ற நம்பிக்கையில் இவனிடம் பணத்தை இறைப்பவன். அவளுடைய திருமணத்தை முன்கூட்டிச் சொல்லவில்லையே என்று அப்போதுதான் முறைத்துக்கொண்டு நிற்கிறான். ஒத்தெல்லோவைத் தானும் வெறுப்பதாகக் காட்டாவிட்டால் அந்த வரும்படி நின்றுவிடும். ஆக, அது குமுறலும்தான், வியாபாரமும்தான்.

பதவிதான் காரணம் என்பவர்கள் மூன்றாம் அங்கத்தின் முடிவைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒத்தெல்லோ அவனைத் துணைத்தளபதி ஆக்கிவிடுகிறான். கேட்டது கைக்கு வந்துவிட்டது. டெஸ்டிமோனா இன்னும் உயிரோடு இருக்கிறாள். நிறுத்த நினைத்திருந்தால் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். அவன் வேகம் குறையவே இல்லை. நான்காம் அங்கத்தில் அவளை எப்படிக் கொல்வது என்று வழி சொல்லிக்கொடுப்பவனும் அவனே.

மனைவி எமிலியாவை ஒத்தெல்லோவோடு சேர்த்து வரும் சந்தேகம் இன்னும் விசித்திரமானது. முதல் அங்கத்தின் இறுதியில், தனியாக நிற்கும்போது, ஒத்தெல்லோவை வெறுப்பதாக முதலில் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் ஊர்ப்பேச்சு வருகிறது. ‘ஆகையால்’ என்று வரவில்லை, ‘மேலும்’ என்று வருகிறது. உண்மையா என்று தெரியாது, இருந்தாலும் உண்மை என்றே வைத்துக்கொண்டு நடப்பேன் என்கிறான். வெறுப்பு ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டது. காரணம் பின்னால் வந்து சேர்கிறது. இதைக் கவனித்துத்தான் கவிஞரும் விமர்சகருமான கோல்ரிட்ஜ், காரணமே இல்லாத தீமை தனக்கொரு காரணம் தேடுகிறது என்ற பொருளில் எழுதினார். கூர்மையான பார்வைதான், ஆனால் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. அந்தச் சந்தேகம் அந்த நொடியில் முளைத்தது அல்ல. எவனோ மூட்டிவிட்டதால் என்னையே நீ ஒத்தெல்லோவோடு சேர்த்துச் சந்தேகப்பட்டாயே என்று நான்காம் அங்கத்தில் எமிலியா அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அந்த வீட்டில் பழைய புண் ஒன்று இருந்திருக்கிறது.

அந்தப் புண்ணின் வலியை அறிந்தவன் என்பதால்தான் அதே வலியை இன்னொருவனுக்குள் இறக்க அவனால் முடிகிறது. மூன்றாம் அங்கத்தின் பெரிய காட்சியில், தொடக்கத்தில் அவன் எதையும் சொல்வதே இல்லை. ஒத்தெல்லோ கேட்கும் சொற்களையே திருப்பிக் கேட்கிறான், தயங்குகிறான், பேச்சைப் பாதியில் விழுங்குகிறான். இடைவெளியை ஒத்தெல்லோவே நிரப்பிக்கொள்கிறான்: நான் கறுப்பன், நயமாகப் பேசத் தெரியாதவன், வயதும் ஆகிவிட்டது. வெனிஸ் நகரம் தன் போர்களுக்கு அவனை நம்பியது. ஆனால் அவன் பெண் கொண்டபோது அவளுடைய தந்தை அதைச் சூனியம் என்றார். தந்தையை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றலாம் என்று அவர் எறிந்துவிட்டுப் போன சொல்லைத்தான் இயாகோ பொறுக்கி எடுத்துப் பயன்படுத்துகிறான். வெளியிலிருந்து புதிதாக அவன் கொண்டுவந்தது மிகக் குறைவு.

அவனுடைய உள்ளக்கிடக்கை வெளிப்படும் இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், ஐந்தாம் அங்கத்தின் தொடக்கத்தைக் காட்டுவேன். இருட்டில் ரோடரிகோவை ஏவிவிட்டு, காசியோ வருவதற்காகக் காத்திருக்கிறான். இருவரில் யார் செத்தாலும் லாபம் என்று கணக்குப் போடும்போதே நடுவில் ஒரு வரி தவறி விழுகிறது. காசியோவின் அன்றாட வாழ்வில் இருக்கும் ஓர் அழகு தன்னை அவலட்சணமாக்குகிறது என்கிறான். பதவியும் பணமும் மனைவியும் அங்கே இல்லை. அடுத்தவன் இயல்பாக இருப்பதே இவனுக்குப் பொறுக்கவில்லை. யாரையும் நம்பவைப்பதற்காகச் சொன்ன வரி அல்ல என்பதால் நான் அதை நம்புகிறேன். டெஸ்டிமோனாவும் இந்த வெளிச்சத்தில்தான் புரிகிறாள். அவளுடைய நல்ல குணத்தைக் கொண்டே எல்லோரையும் பிடிக்கும் வலையைப் பின்னுவேன் என்று அவன் முன்பே சொல்லியிருக்கிறான்.

கடைசிக் காட்சியில் எல்லாம் வெளிப்பட்டபின் ஒத்தெல்லோ அந்தக் கேள்வியைக் கேட்கிறான்: என் உடலையும் உயிரையும் ஏன் இப்படிச் சிக்க வைத்தாய்? நேராகக் கேட்கவில்லை, அருகில் இருப்பவரிடம் கேட்கச் சொல்கிறான். என்னிடம் எதையும் கேட்காதீர்கள், தெரிந்தது உங்களுக்குத் தெரியும், இனி வாய் திறக்க மாட்டேன் என்கிறான் இயாகோ. நாடகம் முழுக்கக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தவன் இப்போது ஒன்றும் சொல்லவில்லை. ரகசியம் காக்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. பதவியைப் பற்றியும் சந்தேகத்தைப் பற்றியும் அந்தச் சபையில் அவனால் பேசியிருக்க முடியும். இருட்டில் தனியாகச் சொன்ன அந்த ஒரு வரியைச் சொல்வதுதான் முடியாது. காலில் வெட்டுக்காயத்தோடு நாற்காலியில் தூக்கி வரப்பட்ட காசியோ அவன் எதிரிலேயே இருக்கிறான்.