வாக்கு நம்முடையது, கையொப்பம் யாருடையது?



புதுக்கடை ஆட்களுக்குக் கையொப்பத்தின் பெறுமதியைச் சொல்லித்தரத் தேவையில்லை. நீதிமன்றம், சட்டத்தரணிமார் காரியாலயம், நொத்தாரிசு என்று கையொப்பத்தோடு சீவிக்கிற ஊர் இது. ஆனாலும் வாக்காளர் இடாப்பில் பெயர் வர யார் கையொப்பம் வைக்க வேண்டும் என்று கேட்டால், வீட்டுச் சொந்தக்காரர் என்றுதான் பலர் சொல்கிறார்கள். அது பிழை.

1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டப்படி பதிவுப் படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட வேண்டியவர் அந்த வீட்டின் பிரதான குடியிருப்பாளர். உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பது இங்கே கேள்வியே இல்லை. 2021 திருத்தத்துக்குப் பிறகு, பெப்ரவரி 1ஆம் திகதி நீங்கள் வழமையாக எங்கே வசிக்கிறீர்களோ அங்கேதான் உங்கள் பதிவு. முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்திருந்தால் பிரதான குடியிருப்பாளர் நீங்கள்தான். நீங்களே கையொப்பமிடலாம்.

சிக்கல் வருவது ஓர் அறை, மேல்மாடி என்று சொந்தக்காரரோடு ஒரே இலக்கத்தில் இருப்பவர்களுக்கு. அங்கே படிவம் சொந்தக்காரரின் கையில். "உங்கட பேரைப் போட்டா நாளைக்கு வீட்டைக் கேட்பீங்க" என்ற பயத்தில் பெயரை விட்டுவிடுகிறார்கள். இடாப்பில் பெயர் இருப்பது வசிப்பதைக் காட்டுமே தவிர, வீட்டை யாருக்கும் எழுதிக் கொடுக்காது.

இதன் விலையை முதலாம் வகுப்பு அனுமதி நேரத்தில் ஆசிரியர்களாகிய நாங்கள் பார்க்கிறோம். பாடசாலைக்கு அருகில் வசிப்போர் பிரிவில் முந்திய ஐந்து வருட இடாப்பில் பெற்றோரின் பெயரைப் பார்த்துத்தான் புள்ளி. பாடசாலைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தும், இடாப்பில் பெயர் இல்லாததால் புள்ளியை இழக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை என்ன செய்தது?

தபால்மூல வாக்கிலும் இன்னொருவரின் கையொப்பம் வேண்டும். தேர்தல் கடமைக்குப் போகும் அரச ஊழியரின் விண்ணப்பத்தை அத்தாட்சிப்படுத்தும் அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும். வாக்கை அடையாளமிடுவதும் அவர் முன்னிலையில்தான். 2024 ஜனாதிபதித் தேர்தலில் 7 இலட்சத்து 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தபால்மூல வாக்குக்குத் தகுதி பெற்றார்கள். 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. படித்து உத்தியோகம் பார்ப்பவர்களின் படிவங்களே இந்தப் பாடு. வளைகுடாவில் உழைக்கும் நம் ஆட்களுக்கோ அப்படி விண்ணப்பிக்கும் வாய்ப்பே அந்தத் தேர்தலில் இருக்கவில்லை.

கள்ள வாக்கைத் தடுக்க விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாடசாலை அனுமதிக்காக வசிக்காத முகவரியில் பெயரைப் போடுகிறவர்களும் நம்மிடையே உண்டு. அதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஆளைச் சரிபார்ப்பது வேறு, ஒருவருடைய வாக்கின் சாவியை இன்னொருவரிடம் கொடுப்பது வேறு. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது எழுத்தறிவு கூட நிபந்தனையாக இருக்கவில்லை. இன்றைக்கும் வாக்குச்சாவடியில் அடையாள அட்டையைக் காட்டி விரலில் மை பூசினால் போதும், வீட்டுக்காரரைக் கூட்டிவரச் சொல்வதில்லை. பதிவுக்கு மட்டும் ஏன் அவர் தயவு?

ஆகவே அறையில் வாடகைக்கு இருப்பவர் தனக்காகத் தானே கையொப்பமிடும் இடம் படிவத்திலேயே இருக்க வேண்டும். தபால் விண்ணப்பத்தில் குறை இருந்தால், நிராகரிக்கும் முன் அறிவித்துத் திருத்த அவகாசம் கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தபால் வாக்கின் கையொப்பம் பொருந்தாவிட்டால் வாக்காளருக்கு அறிவிக்க வேண்டும் என்று 2018இல் சட்டமே கொண்டுவந்தார்கள்.

சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடியது இருக்கிறது. கிராம உத்தியோகத்தர் வரும்வரை காத்திருக்காமல் போய்ப் பெயரைப் பாருங்கள். திருத்த இடாப்பு காட்சிக்கு வைக்கப்படும் காலத்தில் பெயர் விடுபட்டிருந்தால் நீங்களே உரிமைக் கோரிக்கை சமர்ப்பிக்கலாம். பள்ளி நிர்வாகங்கள் ஜும்ஆவுக்குப் பின் ஓர் அறிவித்தல் செய்தால் நூறு வீட்டுக்குப் போய்ச் சேரும்.

வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கையில் வரும் அந்தப் படிவம் அமானிதம். உங்கள் வீட்டில் இருப்பவரின் பெயரை விட்டுவிட்டுக் கையொப்பம் வைக்காதீர்கள்.