சட்ட நுழைவுத்தேர்வு: மூளைக் குறைவல்ல, பயிற்சிக் குறைவு

கொட்டாரத்தில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வக்கீலாக வேண்டும் என்றால் நமக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மதிப்பெண் பட்டியலோடு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது. கிடைத்தால் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரி. அது நல்ல வழிதான். நுழைவுத்தேர்வு இல்லை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு.

இன்னொரு வாசலும் இருக்கிறது. திருச்சி, பெங்களூரு, ஐதராபாத் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள். அங்கே நுழைய ‘கிளாட்’ எழுத வேண்டும். இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், தவறான ஒவ்வொரு விடைக்கும் கால் மதிப்பெண் குறையும். தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் தனியாக ‘ஐலெட்’ நடத்துகிறது. அதில் 150 கேள்விகளில் 70 தர்க்க அறிவுக்கானவை. பட்டியலினத்தவருக்கு இடஒதுக்கீடு இரண்டிலும் உண்டு. ஆனாலும் நம் பிள்ளைகள் பலர் விண்ணப்பமே போடுவதில்லை. “அந்தப் புதிரெல்லாம் நமக்கு வராது” என்ற எண்ணம் முதலிலேயே நிறுத்திவிடுகிறது.

அந்தப் புதிரைப் பார்த்துவிடுவோம். ஆறு மாணவர்கள்: அமுதா, பாலு, செல்வி, தாமஸ், எழில், பாத்திமா. மூவர் குளம் சுத்தம் செய்ய வேண்டும், மூவர் நூலகம் அடுக்க வேண்டும். அமுதாவும் பாலுவும் ஒரே குழுவில் இருக்கக் கூடாது. செல்வி இருக்கும் குழுவில்தான் தாமஸ் இருக்க வேண்டும். எழில் நூலகத்தில். கேள்வி: பாத்திமா எங்கே?

அமுதாவும் பாலுவும் பிரிவதால் குழுவுக்கு ஒருவர் ஆயிற்று. மிச்சம் குழுவுக்கு இரண்டு இடம். செல்வியும் தாமஸும் சேர்ந்தே போவதால் ஒரு குழு நிரம்பிவிடும். ஆகவே எழிலும் பாத்திமாவும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். எழில் நூலகம் என்றால் பாத்திமாவும் நூலகம். பாத்திமாவைப் பற்றி ஒரு நிபந்தனைகூடச் சொல்லவில்லை. ஆனாலும் அவருடைய இடம் முடிவாகிவிட்டது.

இதற்குப் பிறவி மேதை தேவையில்லை. நிபந்தனைகளைக் கட்டம் போட்டு எழுதி, எது கட்டாயம், எது சாத்தியம் என்று பிரிக்கும் பழக்கம் போதும். ஐம்பது புதிர் போட்டவர் இரண்டு நிமிடத்தில் முடிப்பார். முதல்முறை பார்ப்பவர் பத்து நிமிடம் திணறுவார். கிளாட்டில் 2020 முதல் பத்தியைப் படித்து விடை சொல்லும் முறைதான். அங்கும் எது உறுதி, எது வெறும் ஊகம் என்று பிரிக்கும் இதே பழக்கம்தான் கை கொடுக்கும். சட்டப் பிரிவைப் படித்து ஒரு வழக்குக்குப் பொருத்துவதும் இதுவே.

அப்படியானால் தடை எங்கே? முதலில் மொழி. தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே. தமிழில் சொன்னால் புரியும் நிபந்தனை, ஆங்கிலத்தில் வரும்போது வாசிக்கவே நேரம் தின்கிறது. பிராந்திய மொழிகளிலும் நடத்தக் கோரி 2023-ல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. அடுத்து பணம். கிளாட் விண்ணப்பக் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியலினத்தவருக்கு 3,500 ரூபாய். சலுகை வெறும் 500. தமிழகத்தில் 2025-26க்கு அறிவித்த நூறுநாள் வேலைக் கூலி 336 ரூபாய். விண்ணப்பத்துக்கு மட்டும் பத்து நாள் கூலிக்கு மேல் வேண்டும். பயிற்சி மையக் கட்டணம் தனி. மூன்றாவது காலம். தேர்வு டிசம்பர் தொடக்கத்தில் வருகிறது; பிளஸ் டூவில் விழித்துக்கொண்டால் தாமதம்.

தேர்வு விதிகளை யாரும் மாற்ற முடியாது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான ‘எல்சாட்’ தேர்வில் இந்தக் குழுப் பிரிப்புப் புதிர்கள் பல பத்தாண்டுகள் இருந்தன. படம் வரைந்து தீர்க்க வேண்டியதால் பார்வையற்றோருக்கு அநீதி என்று வழக்கு வந்தது. 2019-ல் சமரசம் ஏற்பட்டு, 2024 ஆகஸ்டு முதல் அந்தப் பகுதியே நீக்கப்பட்டது. நம் பக்கத்துச் சுசீந்திரத்தில் கோயில் வீதியில் நடக்கும் உரிமைக்காக 1926-ல் சத்தியாகிரகம் தொடங்கியது. 1936 நவம்பர் 12-ல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. யார் எங்கே நிற்கலாம் என்ற விதியும் கேள்வி கேட்டதால்தான் மாறியது.

விதி மாறும்வரை காத்திருக்கவும் முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகள் உயர் நீதிமன்றம் போகும்போது வாதாட நம்மவர் வேண்டும். சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் தொடங்கிய ‘இடியா’ அமைப்பு, வசதியற்ற பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுத்து இந்தப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிக் காட்டியிருக்கிறது. அதை அரசு பெரிய அளவில் செய்யலாம்.

நாம் கேட்பது இவ்வளவுதான். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் பிளஸ் ஒன் முதலே வாரம் இரண்டு நாள், தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் பழக்கும் கிளாட் வகுப்பு வேண்டும். விண்ணப்பக் கட்டணத்தைத் தாட்கோ ஏற்க வேண்டும். நம் பங்குக்கு, பழைய வினாத்தாள்களை இணையத்தில் இலவசமாக இறக்கி, ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் பத்துப் பிள்ளைகளை உட்காரவைக்கலாம். முதல் வாரம் பாத்திமா எங்கே என்று கேட்டுத் தொடங்குவோம்.